பத்தில் ஒன்றைக் கணினியால் எழுத முடியாது

0.1 என்பது நமக்கு ரொம்பச் சாதாரணமான எண். ஆனால் கணினியின் பைனரியில் அதை முழுசா எழுதவே முடியாது. 1991-ல் 28 பேர் இறந்த ஒரு சம்பவத்துக்குப் பின்னால் இந்தச் சின்ன விஷயம் இருந்தது. இன்னைக்கு அந்தக் கதையைத்தான் பார்க்கப் போறோம்.

முதல்ல, ஃபிக்ஸட் பாயின்ட்னா என்ன? 12 ரூபாய் 50 காசை 1250 என்று சேமித்து வைக்கிறோம்னு வெச்சுக்குங்க. புள்ளி எங்கே வரும்னு நமக்குத் தெரியும். கணினிக்கு அது வெறும் முழு எண். எளிமையான ஹார்டுவேரிலேயே கணக்கு வேகமா முடிஞ்சிடும். 1970-களில் வடிவமைக்கப்பட்ட அமெரிக்காவின் பேட்ரியாட் வான் பாதுகாப்பு அமைப்பிலும் 24 பிட் ஃபிக்ஸட் பாயின்ட் கணக்குதான்.

அதன் கடிகாரம் நொடிக்குப் பத்து முறை எண்ணும். நொடியாக மாற்ற, அந்த எண்ணிக்கையை 0.1-ஆல் பெருக்க வேண்டும். மூன்றில் ஒன்று நமக்கு 0.333 என்று நீள்வது போல, பத்தில் ஒன்று பைனரியில் முடிவில்லாமல் நீளும். 24 பிட்டோடு வெட்டினால் விடுபடுவது சுமார் 0.000000095. ஒன்றுமே இல்லைன்னு தோணும், இல்லையா? ஆனால் 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடினால் 36 லட்சம் எண்ணிக்கை. பெருக்கிப் பாருங்க, 0.34 நொடி வரும். நொடிக்கு 1,676 மீட்டர் வேகத்தில் வரும் ஸ்கட் ஏவுகணை அதற்குள் அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும்.

1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர். சவுதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியாட் 100 மணி நேரத்துக்கும் மேலாக ஓடிக்கொண்டிருந்தது. வந்த ஸ்கட்டை ரேடார் தவறான இடத்தில் தேடியது. அங்கே எதுவும் இல்லை. தடுப்பு ஏவுகணை கிளம்பவே இல்லை. ஸ்கட் அமெரிக்க வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் விழுந்தது.

இதுல என்னை ரொம்ப உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. மெதுவா ஓடுற கடிகாரத்திலேயே கிளம்பின நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் பார்த்தால், பயண நேரம் கிட்டத்தட்ட சரியாத்தான் வரும். ரெண்டு பிழையும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஆனால் பேட்ரியாட் மென்பொருளில் துல்லியமான நேர மாற்றத்தைப் பிறகு சேர்த்தார்கள். சில இடங்களில் மட்டும்! மற்ற இடங்களில் பழைய கணக்கே இருந்தது. ஒரு நேரம் நல்ல கடிகாரத்தில், இன்னொன்று பழைய கடிகாரத்தில். பாதித் திருத்தம் பிழையை வெளியே கொண்டுவந்தது.

எச்சரிக்கையும் இல்லாமல் இல்லை. 8 மணி நேரத்திலேயே விலகல் தெரிகிறது என்று இஸ்ரேல் தரப்பு பிப்ரவரி 11-லேயே தகவல் கொடுத்திருந்தது. 'மிக நீண்ட நேரம் ஓட்டினால்' சிக்கல் வரலாம் என்று களத்துக்குச் செய்தியும் போனது. எத்தனை மணி நேரம் என்று அதில் இல்லை. அணைத்துப் போட்டிருந்தாலே கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்திருக்கும். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது பிப்ரவரி 26. ஒரே ஒரு நாள் தாமதம்.

ஃபிக்ஸட் பாயின்ட்டைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. அதன் எல்லையை முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்க முடியும். அடுத்த முறை ஒரு பிழையைத் திருத்தும்போது, அதே கணக்கு கோடில் வேற எங்கெல்லாம் ஒளிஞ்சிருக்குன்னு ஒரு தடவை தேடிடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.