காயலில் இறங்கிய குதிரைகளும் கரையேறாத கலையும்

பாரசீகத்து வரலாற்றாசிரியரான வஸ்ஸாஃப், கி.பி. 1300ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதத் தொடங்கிய தம் நூலில், நமது பாண்டிய நாட்டைப் பற்றியும் சில பக்கங்கள் வரைந்துள்ளார். அரபிகளும் பாரசீகரும் அந்நாட்டை மஅபர் என்று வழங்கினர். அப்பக்கங்களில் ஒரு குதிரைக் கணக்கு வருகின்றது. கீஸ் தீவின் பெருவணிகரான ஜமாலுத்தீன், தம் சொந்த இனக் குதிரைகளில் 1,400ஐ ஆண்டுதோறும் மஅபருக்குக் கப்பலேற்றுவது என்று ஓர் ஒப்பந்தம் இருந்தது. அவருடைய உடன்பிறந்தார் தகியுத்தீன் பாண்டியரின் அமைச்சராக இருந்து, காயல் முதலிய துறைகளைக் கவனித்து வந்தார். அதற்கும் முன்னர், அதாபக் அபூபக்ர் ஆண்ட காலத்தில், கதீஃப், லஹ்ஸா, பஹ்ரைன், ஹுர்முஸ் முதலிய துறைகளிலிருந்து மஅபருக்கும் கம்பாயத்துக்கும் அக்கம்பக்கத்துத் துறைகளுக்கும் ஆண்டொன்றுக்குப் 10,000 குதிரைகள் சென்றன என்றும், குதிரை ஒன்று 220 செம்பொன் தீனார் வீதம் அவற்றின் விலை 22 இலட்சம் தீனார் என்றும் அவர் எழுதுகின்றார்.

இத்தொகை நம்மை மலைக்கச் செய்கின்றது. இராவுத்தர் என்னும் சொல்லுக்குக் குதிரை வீரர் என்றே நம் அகராதிகள் பொருள் கூறுகின்றன. மாணிக்கவாசகர் கதையில் சிவபெருமானே குதிரை வாணிகராக வேடம் பூண்டு மதுரைக்கு வருகின்றார். கடல் வழியே வந்த குதிரைகளைப் பட்டினப்பாலையும் அறியும். ஆகவே வாணிபம் நடந்ததில் வியப்பில்லை. வியப்பு வேறிடத்தில் இருக்கின்றது. இத்தனை குதிரைகளை ஆண்டுதோறும் வாங்கியவர்கள், அடுத்த ஆண்டும் அத்தனை குதிரைகளை ஏன் வாங்க வேண்டியிருந்தது?

இவ்வினாவுக்கு ஒரே காலத்தவர் இருவர் விடை கூறியுள்ளனர். ஒருவர் 1290களில் இக்கரைகளைக் கண்டு சென்ற வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ. பாண்டிய மன்னரும் அவருடைய சகோதரர்களும் ஆளுக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குகின்றனர், ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை என்பது அவர் கூற்று. அந்நாட்டில் குதிரை வைத்தியர் இல்லை, பேணத் தெரிந்தவரும் இல்லை. ஹுர்முஸ், கீஸ், ஏடன் வணிகர்கள் வைத்தியர் எவரையும் அழைத்து வருவதில்லை, பிறர் வருவதற்கும் விடுவதில்லை. குதிரைகள் சாகச் சாகத் தங்களுக்கு விற்பனை பெருகும் என்பதே அவர்கள் எண்ணம் என்று அவர் குற்றம் சாட்டுகின்றார். வணிகர்மீது மற்றொரு வணிகர் கூறும் பழியை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. எனினும் புறந்தள்ளவும் இயலவில்லை.

வஸ்ஸாஃப் பழி கூறவில்லை. கொட்டிலுக்குள் நடந்ததை விவரிக்கின்றார். பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக அதனை வறுத்தும், தானியத்தை வெண்ணெயிட்டுச் சமைத்தும் தின்னக் கொடுத்தனர். காய்ச்சிய பசும்பாலைக் குடிக்கக் கொடுத்தனர். உடல் கொழுக்க வேண்டுமென்று 40 நாட்கள் முளையடித்துக் கயிற்றால் பிணைத்து வைத்தனர். பிறகு எவ்விதப் பயிற்சியுமின்றி, அங்கவடியுமின்றி, ஏறி விரட்டினர். சில காலத்திற்குள் மிக வலிய குதிரைகளும் சோர்ந்து பயனற்றுப் போயின.

இந்த 40 நாட் கயிற்றில்தான் நம் கருத்து நிற்க வேண்டும். அதற்குக் குதிரையின் இயல்பைச் சற்று அறிந்துகொள்வது நலம்.

மாட்டுக்குக் கொம்பும் புலிக்கு நகமும் காவல் என்றால், குதிரைக்குக் காவல் ஓட்டமே. வேட்டை விலங்குகளுக்கு இரையாகும் வெளிகளில் வாழ்ந்த இனம் அது. ஐயம் தோன்றியவுடன் ஓடுவது, ஓட வழியில்லாதபோது மட்டும் உதைப்பது, கடிப்பது, முன்கால்களைத் தூக்கி எழும்புவது. முரட்டுத்தனம் என்று நாம் பெயரிடுவதில் பெரும்பகுதி அச்சமே. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், ஏறத்தாழ முழு வட்டத்தையும் அது காண்கின்றது. நேர் பின்புறமும் நெற்றிக்கு நேர் முன்னே சிறிது இடமும் மட்டும் அதன் கண்ணுக்கு மறைவு. நேர் பின்னாலிருந்து சந்தடியின்றி வருகின்றவர் உதை வாங்குவது இதனால்தான். அறிந்தவர் பேசிக்கொண்டே, இடத்தோளை நோக்கிச் சாய்வாக வருவார். முதலில் முகத்தைத் தொடாமல் கழுத்தையோ தோளையோ தடவுவார்.

மருந்திடும்போது தலைக்கயிற்றைப் பிடிப்பவரும் வைத்தியரும் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது இன்றைய கால்நடை மருத்துவர்கள் வற்புறுத்தும் விதி. குதிரை மிரண்டால் பிடித்திருப்பவர் தலையைத் தம் பக்கம் இழுப்பார். உடனே அதன் பின்புறம் மறுபக்கம் விலகும், உதை வைத்தியர்மேல் விழாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளலாகாது. வைத்தியத்தின்போது தூணில் இறுகக் கட்டுவதும் தவறு. கழுத்து பிடிபட்டதாக உணர்ந்த குதிரை தன் முழு எடையையும் பின்னோக்கிச் செலுத்தும். அறுவது கயிறாக இருந்தால் நன்று. சில வேளை முறிவது கழுத்தாக இருக்கும். காதுகள் பின்னோக்கிப் படிவதும், கண்ணில் வெண்மை தெரிவதும், வால் விசிறப்படுவதும் அது முன்கூட்டியே சொல்லும் சொற்கள்.

என் இளமையில், எங்கள் ஊர் இரயில் நிலையத்தில் ஜட்கா ஓட்டிய முதியவர் ஒருவர் குதிரைக்கு லாடம் கட்டுவிப்பதைப் பார்த்திருக்கின்றேன். தலைப்பக்கம் நின்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். லாடக்காரர் பின்காலைத் தூக்கியதும், தம் தோள் துண்டை எடுத்துக் குதிரையின் ஒரு கண்ணை மறைப்பார். அடித்ததைப் பார்த்ததில்லை. ஓதுகின்றாரா பாடுகின்றாரா என்று கேட்டேன். "பேச்சு நின்னா அதுக்குப் பயம் வந்துரும் தம்பி" என்றார்.

இவ்வறிவை ஏட்டில் எழுதி, தொழிலாக வகுத்து, சட்டத்தாலும் காத்தது அரபு உலகம். குதிரை வைத்தியருக்குப் பைத்தார் என்று பெயர். கிரேக்கச் சொல்லிலிருந்து அரபு பெற்ற பெயர் இது. பின்னர் ஸ்பெயின் நாட்டார் அரபியிடமிருந்து பெற்று அல்பேய்த்தார் என்று தங்கள் மொழியில் வழங்கினர். மூலிகை நூலால் புகழ்பெற்ற இப்னுல் பைத்தாரின் பெயரும் குதிரை வைத்தியரின் மகன் என்றே பொருள்படும். ஒன்பதாம் நூற்றாண்டில், அப்பாஸிய கலீஃபாவின் இலாயத் தலைவராக இருந்த இப்னு அகீ ஹிஸாம் குதிரைகளைப் பற்றியும் அவற்றின் மருத்துவத்தைப் பற்றியும் நூல் எழுதினார். மார்க்கோ போலோ இங்கு வந்துபோன காலத்தில், 1293இல், கெய்ரோவில் சிறுவராக அரியணை ஏறியவர் சுல்தான் அந்நாஸிர் முஹம்மத். பிற்காலத்தில் அவருடைய பைத்தாராக விளங்கிய அபூபக்ர் இப்னு பத்ர் எழுதிய பெருநூல், சுல்தானின் பெயரால் நாஸிரீ என்றே வழங்கலாயிற்று. பெர்ரோன் என்பவர் அதனைப் பிரெஞ்சில் பெயர்த்து 1852 முதல் 1860 வரை வெளியிட்டார்.

நூல்களைவிட என் மனத்தை ஈர்ப்பது கடைத்தெரு விதிகளே. சந்தைகளையும் தொழில்களையும் கண்காணித்த முஹ்தஸிப் என்னும் அதிகாரிக்காக, 12ஆம் நூற்றாண்டில் ஷைஸரீ என்பவர் ஒரு கையேடு எழுதினார். அதில் பைத்தார்களுக்கெனத் தனி அத்தியாயம் உண்டு. விலங்குக்குத் தன் நோயை உரைக்க நாவில்லை, ஆகவே மனிதரின் நோயைவிட அதன் நோயை அறிவது அரிது என்கின்றார் ஆசிரியர். அறியாமல் அறுத்தோ சுட்டோ விலங்கு கெட்டால் பைத்தாரே பொறுப்பு. குறைந்த விலையை அவர் ஈடு செய்ய வேண்டும். வாயில்லாப் பிராணியைப் பிடித்து நிறுத்தியவரை வாயுள்ள ஒருவர் கேள்வி கேட்கும்படி அந்த ஏற்பாடு இருந்தது.

நிறுத்துவதற்கு ஒரு கருவியும் இருந்தது. 1311 வாக்கில் கெய்ரோவில் காலமான இப்னு மன்ஸூர் தொகுத்த 'லிஸானுல் அரப்' அகராதியில் ஸியார் என்றொரு சொல் வருகின்றது. குதிரையின் உதட்டைப் பைத்தார் முறுக்கிப் பிடிக்கும் கட்டு என்பது அதன் பொருள். கழியின் நுனியில் கயிற்று வளையம். அதில் மேலுதட்டை நுழைத்துத் திருகினால் துள்ளும் குதிரையும் தலை தாழ்த்தி நின்றுவிடும். வலிக்கு அஞ்சி நிற்கின்றது என்றே உலகம் நெடுங்காலம் எண்ணிற்று. 1984இல் ஹாலந்து நாட்டு ஆய்வாளர்கள், உதட்டைப் பிடித்ததும் இதயத் துடிப்பு தணிவதையும், வலி மறக்கச் செய்யும் எண்டார்ஃபின் என்னும் பொருள் இரத்தத்தில் மிகுவதையும் கண்டனர். ஆனால் 2017இல் வெளியான மற்றோர் ஆய்வு இதற்கு வரம்பு கட்டியது. முதல் 5 நிமிடம் வரைதான் அமைதி. அதன்பின் துடிப்பு ஏறுகின்றது. காதை முறுக்கினாலோ அமைதி சிறிதுமில்லை, அச்சம் மட்டுமே மிகுகின்றது. இன்று ஸைலஸின் போன்ற ஊசி மருந்துகள் வந்துவிட்டன. எனினும் ஊசி போடும்வரை குதிரையை நிறுத்தப் பழைய கைத்திறமே வேண்டும்.

ஐந்து நிமிடக் கட்டுக்கே இத்தனை நுணுக்கம் வேண்டுமென்றால், 40 நாட் கட்டு என்ன செய்திருக்கும்? மார்க்கோ போலோவின் சொற்படி, ஹுர்முஸில் மரக்கலத்துச் சரக்கின்மேல் தோலை விரித்து, அதன்மேல் குதிரைகளை நிறுத்திக் கொண்டுவந்தனர். நாளின் பெரும்பகுதியை நடந்தபடி மேய்வதில் கழிக்கும் பிராணி, வாரக்கணக்கில் அசையாமல் நின்றுவந்து, கரை இறங்கியதும் மீண்டும் முளையில் கட்டுண்டது. அதன்மேல் கொழுத்த தீனி வேறு. குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. தீனி கேடாயின் வயிற்று நோயால் துடித்து மடியும். மிகுந்த தானியத்தால் குளம்பினுள் அழற்சி கண்டு முடமாவதும் உண்டு. கிரேக்கர் ஸெனஃபோன், கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே வாற்கோதுமை நோய் என்ற ஒன்றைக் குறிப்பிட்டிருக்கின்றார்.

இதற்காக எல்லாப் பழியையும் கொட்டிற்காரர்மேல் சுமத்துவது நேர்மையாகாது. கடிக்கும் ஈக்களால் பரவிக் குதிரைகளைக் கொல்லும் ஸுர்ரா நோயின் கிருமியை 1880இல்தான் பஞ்சாபில் கிரிஃபித் எவன்ஸ் கண்டறிந்தார். அதன்முன் எந்தப் பைத்தார் வந்தாலும் அதன் காரணத்தை அறிந்திருக்க இயலாது. இந்தியாவில் குதிரை நூலே இல்லை என்பதும் பிழை. சாலிஹோத்திரரின் பெயரால் வடமொழியில் நூல்கள் உண்டு. நகுலர் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரம் தஞ்சை சரசுவதி மகாலிலிருந்து 1952இல் அச்சாயிற்று. நூல் அரண்மனையில் இருந்தது. கயிறு கொட்டிற்காரன் கையில் இருந்தது.

ஆயினும் வஸ்ஸாஃப் பதிவு செய்த ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் என்னை உறுத்துகின்றது. வழியில் குதிரை ஊனமுற்றாலோ இறந்தாலோ கூட, அதன் விலை அரச கருவூலத்திலிருந்து தரப்பட வேண்டும். வணிகருக்கு இழப்பே இல்லை. இழப்பில்லாதவர் ஒரு பைத்தாருக்குக் கூலி கொடுத்துக் கப்பலேற்றுவாரா? மார்க்கோ போலோ சாட்டிய சூழ்ச்சி இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். சூழ்ச்சி தேவைப்படாத வகையில் அந்த வாசகமே அமைந்துவிட்டது. ஷைஸரீயின் கடைத்தெருவில் கெட்ட குதிரைக்குப் பைத்தார் பொறுப்பு. கடல் நடுவே செத்த குதிரைக்குப் பாண்டியர் பொறுப்பு.

இவ்வழக்கம் பாண்டியரோடு முடிந்துவிடவில்லை. இரு நூற்றாண்டுகளுக்குப் பின் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியக் குதிரை வணிகர் நூனிஸ் எழுதி வைத்திருக்கின்றார்: கடலில் இறந்த குதிரையின் வாலை மட்டும் அறுத்து வந்து காட்டினால் போதும், உயிருள்ள குதிரைக்குரிய விலையை மன்னர் கொடுத்துவிடுவார்.