ஐதராபாத்தின் விரால் மருந்தும் மீன் ஒவ்வாமையும்

கதிரவன் மிருகசீரிட விண்மீனுக்குள் புகும் ஜூன் மாதத் தொடக்க நாளைத் தெலங்கானா மக்கள் ‘மிருகசிர கார்த்தெ’ என்பர். கோடை தணிந்து மழை தொடங்கும் அந்நாளில் மீன் உண்பது அவ்வட்டார வழக்கமாதலால், ஆஸ்துமாவுக்கென வழங்கும் ஐதராபாத்தின் புகழ்பெற்ற மீன் மருந்தும் அந்நாளையே ஒட்டி வழங்கப்படுகிறது. பழைய நகரின் தூத்பௌலிப் பகுதியைச் சேர்ந்த, ‘பத்தினி’ என்னும் குடும்பப் பெயர் கொண்ட கௌட் குடும்பத்தினர், தம் முன்னோரான வீரண்ண கௌட் 1845ஆம் ஆண்டில் ஒரு துறவியிடமிருந்து இம்மருந்தைப் பெற்றார் என்றும், விலை வாங்காமல் வழங்க வேண்டும் என்பதே துறவியின் கட்டளை என்றும் கூறிவருகின்றனர். இவ்வரலாறு குடும்ப மரபைச் சார்ந்தது; மருந்தின் கூட்டுப்பொருள்களை அவர்கள் வெளியிடுவதில்லை.

விரல் நீளமுள்ள உயிர் விரால் குஞ்சின் வாயில் மஞ்சள் நிற மருந்தை வைத்து, அதை ஆஸ்துமா நோயாளியின் தொண்டைக்குள் இறக்குகின்றனர். நெளிந்து செல்லும் மீன் சளியை அகற்றி மூச்சுவழியைத் திறக்கும் என்பது நம்பிக்கை. அடுத்தடுத்த மூன்று ஆண்டுகள் இதை உட்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் 45 நாள் பத்தியம் உண்டு. கொரமீனு எனத் தெலுங்கில் வழங்கும் இவ்விராலே இன்று தெலங்கானாவின் மாநில மீன். பகுத்தறிவு இயக்கத்தினர் எதிர்த்து நீதிமன்றம் சென்றபின் ‘மருந்து’ என்ற பெயர் ‘பிரசாதம்’ என மாறியது; கொரோனாவால் தடைப்பட்ட வழக்கம் 2023இல் நாம்பள்ளிக் கண்காட்சித் திடலில் மீண்டும் தொடங்கியது.

இத்தனை வழக்காடலிலும் பேசப்பட்டவை பெரும்பாலும் மருந்தின் பயனும் அதன் கலவையுமே; மீனே சிலருக்கு நஞ்சாகலாம் என்பது பின்தள்ளப்பட்டது. ஆனால் ஒவ்வாமை அறிவியலின் ஒரு முக்கியக் கண்டுபிடிப்பே மீனோடு பிணைந்தது. 1921இல் பிரௌஸ்னிட்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவர், சமைத்த மீன் ஒவ்வாத தம் சக மருத்துவர் கியூஸ்ட்னரின் குருதிநீரைத் தம் தோலில் செலுத்திக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றைச் செலுத்தியபோது அங்கே தடிப்பு எழுந்தது. ஒவ்வாமையைச் சுமக்கும் பொருள் குருதியில் உள்ளது என்பது இதனால் தெளிவானது. பின்னாளில் அது ஐஜிஇ என்னும் எதிர்ப்புரதம் என அறியப்பட்டது. மீன் தசையில் அது பற்றும் முதன்மைப் புரதம் பார்வால்புமின். சுண்ணச்சத்தைப் பிணைக்கும் இச்சிறு புரதம் வெப்பத்தாலும் எளிதில் சிதையாது. கட்டுக்குள் வராத ஆஸ்துமா உள்ளவருக்கு உணவு ஒவ்வாமை உயிர்க்கேடாக முடியும் வாய்ப்பு மிகுதி என்பதால், மீன் மருந்தை நாடி வருவோரே மிகுந்த கவனம் வேண்டியவர்கள். மென்று உண்பவருக்கு முதல் கவளத்திலேயே வாயரிப்பு எச்சரிக்கை தரக்கூடும். முழுதாக விழுங்குபவருக்கு அந்த எச்சரிக்கையும் கிட்டாமற்போகலாம்.

மீன் ஒவ்வாதவருக்குத் தீங்காகுமா என்ற கேள்வி இன்று மீன் கொலாஜன் ஊட்டச்சத்துப் பொடிகளுக்கும் பொருந்துகிறது. மீன் தோலிலும் செதிலிலும் உள்ள கொலாஜன் புரதத்தை நொதிகளால் நறுக்கிப் பெறும் சிறு துண்டுகளே இப்பொடிகளில் உள்ள பெப்டைடுகள். ஐஜிஇயைத் தூண்ட ஒரு துண்டில் குறைந்தது இரு பற்றிடங்கள் தேவைப்படுவதால், நன்கு நறுக்கப்பட்டவை தீங்கு குறைந்தவை. நறுக்கல் முழுமையடையாவிடினும், தோலோடு தசை எச்சம் கலந்துவிடினும் அவ்வுறுதி குலையும். ஆகவே இவ்வாறு நறுக்கப்பட்டதைக் குறிக்கும் ‘நீராற்பகுத்தது’ என்ற சொல்லை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு தயாரிப்பையும் ஒவ்வாமையுடையோரின் குருதிநீரைக் கொண்டும், மருத்துவக் கண்காணிப்பிலும் சோதித்தாக வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் மீன் கலந்ததைப் பொதிமேல் அறிவிக்கக் கோருகின்றன.

நாம்பள்ளித் திடலில் கையில் துள்ளுவது மீன் என்று எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சைவ உணவினர்க்காக வெல்லத்தில் வைத்து மருந்து தரும் ஏற்பாடும் அங்கே உண்டு; மீன் ஒவ்வாதவருக்கும் அது எதிர்பாராத புகலிடம். ஆனால் மணமற்ற வெண்ணிறக் கொலாஜன் பொடியில் மீன் கண்ணுக்குப் படுவதில்லை. பொதிமேல் உள்ள அந்த ஒற்றை வரியே அதை வாங்குபவருக்குக் கிடைக்கும் அறிவிப்பு.