கப்பல் சீட்டும் விசாத் தாளும்



கடலோர முஸ்லிம் ஊர்களில் வெளிநாட்டில் பொருள் தேடுவோரைச் 'சபராளி' என்று அழைப்பது நெடுநாள் வழக்கம். பயணம் எனப் பொருள்படும் 'ஸஃபர்' என்னும் அரபுச் சொல்லுடன் தமிழின் 'ஆளி' விகுதி சேர்ந்து பிறந்த சொல் இது. ஒரு சமுதாயம் தன் மக்களில் ஒரு பிரிவினருக்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறது என்றால், அப்பிரிவினர் எத்தனை தலைமுறைகளாக இருந்திருக்க வேண்டும்! எங்கே போனார்கள், என்ன சம்பாதித்தார்கள், எந்தப் பள்ளியைக் கட்டினார்கள் என்பதெல்லாம் பலராலும் எழுதப்பட்டுவிட்டது. போவதற்கு என்ன தாள் வைத்திருந்தார்கள் என்பதை எழுதியோர் குறைவு. இவ்வாண்டு மலருக்கு அதையே எடுத்துக்கொள்கிறோம். காரணம் பின்னர் விளங்கும்.

1786இல் பினாங்கில் ஆங்கிலேயர் கால் வைத்தபோது அவர்களுடன் வணிகம் செய்ய முன்நின்றவர்களில் சோழமண்டலக் கரையின் மரைக்காயர்களும் சூலியாக்களும் இருந்தனர். 1801இல் அங்கே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எழுந்தது. நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், பரங்கிப்பேட்டை, கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய துறைகளிலிருந்து சென்ற அம்மக்களிடம் இன்று நாம் பாஸ்போர்ட் என்று சொல்லும் நூல் எதுவும் இருந்ததில்லை. மரக்கலக்காரருக்குக் கேவு கொடுத்தால் போதும். போய்ச் சேர்ந்த இடத்தில் ஊர்க்காரர் ஒருவர் இருந்தால் அவரே விசா, அவரே ஜாமீன், அவரே முதல் மாதச் சோறு. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. உறவும் ஊரும் செய்த வேலையைப் பிற்காலத்தில் அரசுகள் தம் கையில் எடுத்துக்கொண்டன என்பதே இவ்வரலாற்றின் சுருக்கம்.

கூலி ஒப்பந்தத்தில் சென்றவர்களின் நிலை வேறு. அவர்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சட்டங்கள் வந்துவிட்டன. 'குடிபெயர்வோர் பாதுகாவலர்' என்னும் அதிகாரி, மருத்துவச் சோதனை, முகாம் எல்லாம் அவர்களுக்காக ஏற்பட்டவை. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோர் மண்டபம் முகாமிலும், மலாயாவுக்குச் சென்றோர் ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களிலும் தங்க வைக்கப்பட்டனர். கடைக்குப் போகும் நம்மவர் அந்த வரிசையில் நிற்கவில்லை. நிற்பவர்களைச் சற்றுக் குறைவாகவே பார்த்தனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்த வரிசையே பின்னாளில் நம் பிள்ளைகளின் வரிசை ஆயிற்று.

பாஸ்போர்ட் முதல் உலகப் போரின் பிள்ளை. போர்க்காலக் கட்டுப்பாடாக 1917இல் இந்தியாவில் நுழைந்தது. போர் முடிந்தும் போகவில்லை. 1920இல் இந்தியாவுக்குள் வருவோருக்கான பாஸ்போர்ட் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் விடுதலைக்குப் பின்னும் நிலைத்திருந்து 2025இல்தான் நீக்கப்பட்டது என்றால் வியப்பாக இருக்கிறது. ஆயினும் பர்மா, இலங்கை, மலாயா மூன்றும் ஒரே ஆங்கிலக் கொடியின் கீழ் இருந்தமையால், அப்பாட்டன்மாருக்கு இக்கட்டு உடனே தெரியவில்லை. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலின் மேல்தட்டில் பாயை விரித்துப் படுத்தவர்கள், வெளிநாட்டுக்குப் போகிறோம் என்று நினைத்ததில்லை. 'அக்கரைக்கு' என்றுதான் சொன்னார்கள்.

கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டதை விரைந்து சொல்லிவிடலாம். பர்மா 1937இல் இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1941இல் குடியேற்ற ஒப்பந்தம் கையெழுத்தானது. அவ்வாண்டு டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழ, தாள் உடையோரும் இல்லாதோரும் ஒரே காட்டுவழியில் நடந்தனர். திரும்பிச் சென்று கடை வைத்தவர்களை 1964இன் தேசியமயமாக்கல் மீண்டும் கப்பலேற்றியது. இலங்கையில் 1948ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் மறு ஆண்டு நடைமுறைக்கு வந்ததும், தலைமுறை தலைமுறையாகக் கொழும்பில் கடை வைத்திருந்தோர் தற்காலிக வதிவிட அனுமதிக்கு மனுப்போடும் நிலைக்கு வந்தனர். 'கள்ளத்தோணி' என்ற சொல் வசையாக மாறியது அக்காலத்தில்தான். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 1953 ஆகஸ்ட் முதல் புதிய சட்டம் வந்து, அங்கே குடியிருந்தவரின் குடும்பத்தாரும் தனித்திறன் பெற்றோருமே எளிதில் நுழையலாம் என்றாயிற்று. மலேசியாவில் 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதிச் சீட்டும் கட்டாயமாகியது. சிவப்பு அடையாள அட்டையா, நீல அட்டையா என்பது ஒரே வீட்டில் அண்ணனையும் தம்பியையும் பிரித்தது.

இங்கே, நம் நாட்டின் பக்கம் நடந்த ஒரு செய்தியை நிதானமாகக் கூற வேண்டும். விடுதலை பெற்று இருபது ஆண்டுகள் வரை, பாஸ்போர்ட் வழங்குவதற்கென்று இந்தியாவில் ஒரு சட்டமே இல்லை. கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பம். எளிய நிலையிலுள்ளவர், படிப்பில்லாதவர் என்றால் வெளிநாட்டில் நாட்டின் பெயரைக் கெடுப்பாரோ என்ற ஐயத்தோடே பார்க்கப்பட்டனர். 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி என்பவர் தொடுத்த வழக்கில், வெளிநாடு செல்லும் உரிமை அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு கூறும் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டமின்றி மறுக்கலாகாது என்றானபின் அரசு விரைந்து அவ்வாண்டு ஜூனிலேயே பாஸ்போர்ட் சட்டத்தை நிறைவேற்றியது. தயவாக இருந்தது உரிமையானது அன்றுதான். வளைகுடாவில் எண்ணெய்ப் பணம் பெருகி ஆட்களைத் தேடியது அடுத்த சில ஆண்டுகளில். அந்தத் தீர்ப்பு சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் எத்தனை கதவுகள் தட்டியும் திறந்திருக்காது என்று எண்ணிப் பார்க்கிறோம்.

வளைகுடாப் பயணத்தின் தொடக்ககாலம் பம்பாயைச் சுற்றியது. டோங்கிரி, பெண்டி பஜார் விடுதிகளில் ஏஜெண்டின் வாய்ச்சொல்லை நம்பி மாதக்கணக்கில் படுத்துக்கிடந்தவர்கள் நம் பெரியவர்களிலும் இருக்கிறார்கள். 1971 டிசம்பர் 2இல் அமீரகம் உருவாவதற்கு முன் அப்பகுதிக்கு அனுமதி வழங்கியவர்கள் ஆங்கிலேயர்களே. பின்னர் வந்தது 'கஃபீல்' முறை. கஃபாலத் என்பது நம் ஃபிக்ஹு நூல்களில் பிறருக்காகப் பிணை நிற்பதைக் குறிக்கும் ஒரு நல்ல சொல். பலவீனமானவருக்குத் தோள் கொடுப்பது. அச்சொல் ஒரு மனிதரின் தங்கலையும் வேலையையும் இன்னொருவர் கையில் ஒப்படைக்கும் ஏற்பாட்டின் பெயராகிவிட்டதை எண்ணி வருந்துவதுண்டு.

1983இல் இந்திய அரசு புதிய குடிபெயர்வுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஏஜெண்டுகள் பதிவு செய்துகொள்ள வேண்டும், குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் படிப்புக் குறைந்தோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும் என்பன அதன் முக்கிய விதிகள். நோக்கம் நல்லது. ஆனால் பாஸ்போர்ட்டில் விழுந்த 'ஈ.சி.ஆர்.' என்ற மூன்றெழுத்து ஒருவரின் தரத்தைச் சொல்லும் முத்திரைபோல் ஆகிவிட்டது. 2007 ஜனவரிக்கு முன் எடுத்த பாஸ்போர்ட்டில் முத்திரை எதுவும் இல்லாவிட்டால் அனுமதி தேவை என்று பொருள். அதன்பின் எடுத்ததில் எதுவும் இல்லாவிட்டால் அனுமதி தேவையில்லை என்று பொருள். வெற்றுப் பக்கத்தின் பொருள் ஒரே நாளில் தலைகீழாக மாறியது! இதைப் புரியவைக்க அந்நாட்களில் ஒவ்வொரு தெருவிலும் நாம் பட்ட பாடு கொஞ்சமன்று. பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் விலக்கு. ஐம்பது வயது கடந்தாலும், வருமான வரி செலுத்தினாலும் விலக்கு. மதரஸாவில் ஏழாண்டு ஓதி ஸனது பெற்ற எமக்குப் பத்தாம் வகுப்புச் சான்று இல்லாமையால் எம் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். தான். நஹ்வும் ஸர்ஃபும் அங்கே கணக்கில் வரா. இருக்கட்டும். 2018 ஜனவரியில் இத்தகையோருக்கு ஆரஞ்சு நிற அட்டையில் தனிப் பாஸ்போர்ட் தரப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் அம்மாத இறுதியிலேயே அரசு அதனைக் கைவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் வளைகுடா நாடுகளோடு மலேசியாவும் இடம்பெற்றது. பாட்டனார் பாய் சுருட்டிக்கொண்டு போன அதே பினாங்குக்கு, பேரன் அரசாங்கத்தின் அனுமதி முத்திரையோடு போகவேண்டியதாயிற்று.

பெயர்ச் சிக்கலையும் சொல்லாமல் விடலாகாது. தமிழர் வழக்கில் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துப் போதும். 'முஹம்மது' என்னும் திருநாமத்தைப் பள்ளிச் சான்றில் ஒருவிதமாகவும், குடும்ப அட்டையில் வேறுவிதமாகவும், பாஸ்போர்ட்டில் மூன்றாம் விதமாகவும் எழுதிவைத்திருக்கிறோம். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்க்கு வருகை விசாவில் அனுமதியில்லை என்று அமீரகம் அறிவித்தபோது, விமான நிலையத்திலிருந்து திரும்பியவர்கள் உண்டு. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பின்னர் தளர்த்தினார்கள். பிறந்த தேதியும் அப்படியே. பள்ளியில் சேர்த்த ஆசிரியர் எழுதியதே நம் தலைமுறையின் பிறந்த நாள். அதனால்தான் ஊரில் பாதிப்பேர் மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்களாக இருக்கிறோம்.

இனி, இக்கட்டுரை எழுத நேர்ந்த காரணத்தைக் கூறுகிறோம்.

நாம் இப்பள்ளிக்குப் பணிக்கு வந்த புதிதில், ஒரு தாய் தம் மகனுக்கு வந்த விசா நகலைக் கொண்டுவந்து, "ஹஜ்ரத், ஆபீஸ் வேலைன்னு ஏஜெண்ட் சொல்றாரு, அரபியிலே என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்கள். வளைகுடா நாடொன்றின் தாள் அது. 'மிஹ்னா', அதாவது தொழில் என்ற இடத்தில் 'ஆமில் மன்ஸிலீ' என்றிருந்தது. வீட்டு வேலையாள் என்று மொழிபெயர்த்துச் சொன்னோம். "ஏதோ ஒரு வேலை, எழுதுறதுக்கு அப்படிப் போட்டிருப்பாங்க" என்றார்கள். நாமும் துஆச் செய்து அனுப்பிவிட்டோம். எமக்கு அரபி தெரிந்தது. அச்சொல்லுக்கு அந்நாட்டுச் சட்டத்தில் உள்ள எடை தெரியவில்லை.

அமீரகத்தின் 1980ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும், சவூதியின் 2005ஆம் ஆண்டுச் சட்டமும் வீட்டு வேலையாட்களைத் தம் பாதுகாப்பிலிருந்து விலக்கி வைத்திருந்தன. அமீரகச் சட்டம் பண்ணை வேலை செய்வோரையும் கால்நடை மேய்ப்போரையும் அவ்வாறே விலக்கியது. வேலை நேரம், விடுப்பு, சம்பளத் தாமதத்துக்கு முறையீடு என்று கடையிலோ கம்பெனியிலோ பணிபுரிபவருக்குக் கிடைத்தவை இவர்களுக்கு இல்லை. குவைத்தில் 2015இலும், கத்தாரிலும் அமீரகத்திலும் 2017இலும் வீட்டுப் பணியாளருக்கெனத் தனிச் சட்டங்கள் வந்தன. அம்மகன் போனது அதற்கெல்லாம் பல ஆண்டுகள் முன்பு.

ஆபீஸ் இல்லை. முதலில் ஒரு வீடு. இரண்டாம் மாதம் அவ்வீட்டாரின் பண்ணையில் ஆடுகள். பதினான்கு மாதம் பணிபுரிந்து, நான்கு மாதச் சம்பளம் மட்டும் பெற்று, முறையிடச் சென்ற இடத்தில், தாளில் உள்ள உன் தொழில் எங்கள் பிரிவில் வராது என்று கேட்டு, கடைசியில் அவுட்பாஸில் ஊர் திரும்பினார். ஏஜெண்டுக்குக் கொடுக்க அடகு வைத்த நகை மீளவேயில்லை. நம்மீது அவர் குறை சொல்லவில்லை. இதை எழுத அனுமதி கேட்டபோது, "எழுதுங்க ஹஜ்ரத், பேர் மட்டும் வேணாம்" என்றார். அவர் தாயாரிடம் அன்று சொல்லத் தவறிய ஒரு வாக்கியத்துக்காகவே இத்தனை பக்கம் எழுதுகிறோம்.

எனவே தாளில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். 'ராஈ' என்றால் மேய்ப்பவர். 'ஸாயிக் காஸ்' என்றால் ஒரு வீட்டின் தனி ஓட்டுநர். கம்பெனி ஓட்டுநர் அல்லர். 'ஆமில்' என்று மட்டும் இருந்தால் பொதுக் கூலி வேலை. 'ஃப்ரீ விசா' என்று எந்த அரசும் அச்சடித்ததில்லை. ஒருவர் பெயரில் வாங்கி வேறிடத்தில் வேலை செய்யச் சொல்லும் ஏற்பாட்டுக்குத் தரகர் வைத்த பெயர் அது. பதிவுபெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு விதித்த வரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே; நம் ஊரில் கைமாறும் தொகை என்னவென்று நீங்களே அறிவீர்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருந்துவருவதும் பலருக்குத் தெரியவில்லை. ஈ.சி.ஆர். உடையோர் 2003இல் தொடங்கிய பிரவாசி பாரதீய பீமா காப்பீட்டின் தாளை ஏஜெண்டிடமே விட்டுவிட்டுப் பறந்துவிடுகிறார்கள். பத்து இலட்சம் ரூபாய்க் காப்பு அது. நகலை வீட்டில் வைத்துச் செல்லுங்கள்.

அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் பள்ளியில்தான் இருக்கிறோம். விசா நகலை மெடிக்கலுக்குப் பணம் கட்டுவதற்கு முன் கொண்டுவாருங்கள். கட்டிய பின் கொண்டுவந்தாலும் படித்துச் சொல்வோம். அப்போது கேட்கும் மனம் யாருக்கும் இருப்பதில்லை.

வஸ்ஸலாம்.