கால் மைல் கணக்கு: ரோட்டு வண்டி பந்தயத் தடம் ஏறிய கதை

சிக்னலில் பச்சை விழுந்ததும் பக்கத்து வண்டியை முந்த வேண்டும் என்று கை முறுக்காத பையன் நம் கோவையில் உண்டா? இந்த ஆசை நம் தலைமுறையில் வந்ததில்லை நண்பர்களே. அதற்கு நூறு வருடத்துக்கு மேல் வயசாகிறது. ரோட்டில் ஓடும் வண்டியைப் பந்தயத்துக்குக் கொண்டுபோக ஓர் இடம் எப்படிக் கிடைத்தது என்று பார்ப்போம்.

கலங்கலில் 1893ல் பிறந்த ஜி.டி. நாயுடுவிடமிருந்து தொடங்கலாம். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார்சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, அதே வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கினார் என்பது ஊரறிந்த கதை. வாங்கியவர் ஓட்டியதோடு நிற்கவில்லை. அக்கக்காகக் கழற்றி மறுபடி பூட்டினார். கொங்கு நாட்டுக்காரனின் வேக ஆசை அன்றே ஸ்பேனரோடு சேர்ந்துவிட்டது. பஞ்சாலைகளும், அவற்றை நம்பி வந்த பவுண்டரிகளும், லேத் பட்டறைகளும் அந்தப் பழக்கத்தை வளர்த்தன.

ஆனால் வேகத்தைச் சோதிக்க நேரான, காலியான பாதை வேண்டுமே! அதைக் கொடுத்தது யார் தெரியுமா? இரண்டாம் உலகப்போர்!

போருக்காக உலகெங்கும் விமான ஓடுதளங்கள் போட்டார்கள். போர் முடிந்ததும் பல சும்மா கிடந்தன. அமெரிக்காவிலும் ரோட்டில் பந்தயம் விட்டு இளைஞர்கள் போலீசிடம் மாட்டிக்கொண்டிருந்த காலம் அது. 1950ல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா விமானதளத்தில், பயன்படாமல் கிடந்த ஓடுதளத்தில் முறையான டிராக் பந்தயம் தொடங்கியது. நேராகக் கால் மைல், அதாவது 402 மீட்டர். வளைவே கிடையாது. ஆரம்ப நாட்களில் பெரிய கார்களையே மோட்டார்சைக்கிள்கள் முந்தியதும் உண்டு.

நம் ஊர்க் கதையும் இதே மாதிரிதான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்கால ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்கள் நடத்தியது. கார்களோடு, கடையில் விற்கும் மோட்டார்சைக்கிள்களும் களத்தில் இறங்கின. கிளப்புக்கென்று இருங்காட்டுக்கோட்டையில் தனித்தடம் 1990ல்தான் வந்தது. சமீப வருடங்களில் தேசிய மோட்டார்சைக்கிள் டிராக் சாம்பியன்ஷிப் அந்தத் தடத்தின் நேர்ப்பாதையில் நடந்திருக்கிறது.

சோழவரத்தில் கார் ஓட்டியவர்களில் ஒருவர் நம் கோவையின் கரிவரதன். மாருதி 800 எஞ்சினை வைத்து, குறைந்த செலவில் ஓட்டக்கூடிய ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை இங்கேயே உருவாக்கினார். 1995ல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் 2003ல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 2005ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் நம்ம ஊர்க்காரர். பஞ்சாலை ஊருக்கு இந்தப் பெயர் சும்மா வரவில்லை.

சரி, ரோட்டு வண்டி முதல் தடவை தடம் ஏறும்போது என்னதான் நடக்கும்?

1985ல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100ஐ எடுத்துக்கொள்வோம். 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை சுமார் 100 கிலோ. தயாரிப்பு 1996ல் நின்றுபோனாலும் டிராக் பிரியர்கள் இன்னும் விடாத வண்டி. கோட்டில் நின்று கிளட்சை பட்டென்று விட்டால் முன்சக்கரம் மேலே எழும்பும், இல்லாவிட்டால் எஞ்சின் அணைந்துபோகும். மெதுவாக விட்டால் நேரம் போய்விடும். அதனால்தான் டிராக்குக்கென்றே செய்யும் வண்டிகளில் பின்பக்க ஸ்விங் ஆர்மை நீளமாக்கி, உயரத்தைக் குறைக்கிறார்கள். ரோட்டு வண்டிக்கு அந்த வசதி இல்லை. எல்லாம் ஓட்டுபவனின் இடது கையில் இருக்கிறது!

கடிகாரம் இன்னும் கறாரானது. பச்சை விளக்கு எரிந்ததும் அது ஓடத் தொடங்காது. முன்சக்கரம் கோட்டில் உள்ள ஒளிக்கதிரைத் தாண்டும்போதுதான் ஓட்ட நேரம் தொடங்கும். பச்சை விழுந்தபின் எவ்வளவு தூங்கினீர்கள் என்பது தனிக்கணக்கு. கடைசியில் கையில் ஒரு சீட்டு வரும். அதில் ஓட்ட நேரமும் முடிவுக்கோட்டில் இருந்த வேகமும் இருக்கும். டீக்கடையில் "என் வண்டி 140 போகும்" என்று பீற்றிக்கொண்டதெல்லாம் அந்தச் சீட்டின் முன்னால் செல்லாது.

ரோட்டில் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டம் 189வது பிரிவின்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் முதல் தடவைக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், சில சமயம் இரண்டுமே. இதைவிடப் பெரிய தண்டனை விபத்து. அதில் வண்டி ஓட்டாதவனும் சாகிறான்.

அவினாசி ரோட்டில் 2025 அக்டோபரில் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலம் திறந்தார்கள். அதற்கு ஜி.டி. நாயுடு பெயர்தான். நேரான பாதை, கை முறுக்கச் சொல்லும். ஆனால் அதன்மேல் குடும்பத்தோடு போகிறவர்கள் யாரும் நம் பந்தயத்துக்குச் சம்மதம் சொல்லவில்லையே! தடத்தில் எதிரே யாரும் வரமாட்டார்கள், ஆம்புலன்ஸ் பக்கத்திலேயே நிற்கும், ஹெல்மெட்டையும் ஜாக்கெட்டையும் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள்.

வேக ஆசை தப்பில்லை நண்பர்களே. போர் விமானம் ஏறிய ஓடுதளத்தைக்கூட அதற்குப் பயன்படுத்திக்கொண்டார்கள் நம் முன்னோடிகள். நமக்குத் தடமே கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வண்டியை அங்கே கொண்டுபோவோம்.