பெரிதாக்கிய சாளரமும் விளிம்புப் பட்டைகளும்

கணினித் திரையில் ஒரு சாளரத்தைப் பெரிதாக்கினால் அது எதுவரை விரியலாம் என்பது, விளிம்புகளில் நிற்கும் பட்டைகளுக்குத் திரையில் என்ன உரிமை உண்டு என்பதைப் பொறுத்தது. அந்த உரிமை முறையாக வரையறுக்கப்படப் பல ஆண்டுகள் ஆயின. 1984-இல் வெளிவந்த மெக்கின்டாஷில், 512-க்கு 342 படப்புள்ளிகள் கொண்ட சிறு திரையின் உச்சியில் 20 புள்ளி உயரத்தை மெனுப் பட்டை நிலையாகப் பிடித்திருந்ததால், இந்தக் கேள்விக்கே அங்கு இடமில்லை. 1990-இல் வந்த விண்டோஸ் 3.0-இலோ பெரிதாக்கிய சாளரம் திரை முழுவதையும் மூடியது. சிறிதாக்கிய செயலிகள் திரையின் அடியில் சின்னங்களாகக் கிடந்தமையால், அவை யாவும் அதன் பின்னே மறைந்தன.

1995 ஆகஸ்டு 24 அன்று வெளியான விண்டோஸ் 95, அடிவிளிம்பில் பணிப்பட்டையை அமைத்ததோடு, பெரிதாக்கிய சாளரம் நிரப்ப வேண்டியது பணிப்பரப்பை மட்டுமே, அதாவது மொத்தத் திரையில் பட்டைகள் பிடித்தது போக எஞ்சும் இடத்தை மட்டுமே, என்ற விதியையும் வகுத்தது. பிறர் எழுதிய கருவிப்பட்டைகளும் இன்ன விளிம்பில் இவ்வளவு இடம் வேண்டும் என்று இயங்குதளத்திடம் பதிந்துகொள்ளலாம் என்பதே அவ்விதியின் பெருஞ்சிறப்பு. அவ்வாறிருந்தும், ஆஃபிஸ் 95-இன் குறுக்குவழிப் பட்டை, பெரிதாக்கிய சாளரத்தின் தலைப்புப் பட்டை மீதே வலப்பக்கமாக ஏறி அமரும் தெரிவையும் தந்தது; இடம் மிச்சமானாலும் இன்னொரு செயலியின் பரப்பைக் கவர்ந்து பெற்ற அந்த மிச்சத்தை நல்ல தீர்வாகக் கொள்ள இயலாது.

யூனிக்ஸ் வகைக் கணினிகளின் எக்ஸ் சாளர அமைப்பில் சிக்கல் இன்னும் ஆழமானது. அங்கே சாளரங்களை நிறுத்தி நகர்த்தும் சாளர மேலாளர் ஒரு நிரல், விளிம்புப் பட்டை வேறொரு நிரல். இரண்டும் ஒன்றையொன்று அறியாமலே எழுதப்பட்டிருக்கக்கூடும் என்பதால், பொது உடன்படிக்கை ஒன்று தேவைப்பட்டது. கேடிஇ, குனோம் ஆகிய பணிச்சூழல்கள் வளர்ந்த பின் ஃப்ரீடெஸ்க்டாப் திட்டத்தின்கீழ் உருவான உடன்படிக்கை, ஒவ்வொரு பட்டையும் இடம், வலம், மேல், கீழ் என நான்கு எண்களில் தன் தேவையை அறிவிக்கச் செய்தது. சிறிய பட்டைகூட விளிம்பின் முழு நீளத்தையும் பறித்துக்கொண்டதால், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் சேர்த்து எண்கள் பன்னிரண்டாக்கப்பட்டன.

ஆயினும் அந்த எண்கள் தனித்தனித் திரையிலிருந்து அல்லாமல், எல்லாத் திரைகளும் சேர்ந்த பெரும்பரப்பின் விளிம்பிலிருந்தே அளக்கப்பட்டன. 1280 புள்ளி அகலமுள்ள இரு திரைகள் அருகருகே நிற்க, வலத்திரையின் இடவிளிம்பில் 30 புள்ளி அகலப் பட்டையை வைத்தால், அது அறிவிக்க வேண்டிய எண் 1310. அதை எழுத்துக்கு எழுத்து ஏற்கும் மேலாளர், பட்டைக்கு நேரான இடத்திரைப் பகுதி முழுவதையும் சாளரங்களுக்கு மறுத்துவிடும். எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலண்டு அமைப்பில் ஸ்வே முதலிய சாளர மேலாளர்கள் பின்பற்றும் லேயர் ஷெல் நெறிமுறை, பட்டையைக் குறிப்பிட்ட ஒரு திரையின் விளிம்போடு பிணைத்து அங்கிருந்தே அளப்பதால் இந்தப் பிழைக்கு இடமளிப்பதில்லை. இதுவரை கண்ட ஏற்பாடுகளில் இதுவே சரியானது.