கடல் கடந்தோரும் பிரெஞ்சு மொழியும்

திருகோணமலைக்குப் பிரெஞ்சு மொழி முதலிற் போர்க்கப்பல்களோடு வந்தது. 1672ஆம் ஆண்டு தெ லா ஹே என்பானின் கடற்படை கொட்டியாரக் குடாவை அடைந்தது. சில மாதங்களுள் ஒல்லாந்தர் அப்படையினரை வெளியேற்றினர். 1782 ஆகத்து இறுதியிற் சுவ்ரான் என்னும் கடற்படைத் தலைவன் ஆங்கிலேயரிடமிருந்து கோட்டையைக் கைப்பற்றினான். போர் முடிவில் துறைமுகம் மீண்டும் ஒல்லாந்தர் வசமாயிற்று. இவ்விரு வருகைகளாலும் அம்மொழி இம்மண்ணில் வேரூன்றவில்லை.

இருநூறு ஆண்டுகளின் பின் பயணத்தின் திசை மாறியது. 1983ஆம் ஆண்டு இனக்கலவரத்தை அடுத்து இலங்கைத் தமிழர் பலர் பிரான்சிற் புகலிடம் தேடினர். அன்புவழிபுரத்தை உள்ளடக்கிய திருகோணமலை நகரும் அக்கொடுமைக்கு விலக்காகவில்லை. முன்னர்ச் சென்றோருட் பெரும்பாலார் இளைஞர். உணவகங்களின் சமையலறைகளே பலர்க்குத் தொழிற்களமாயின. ஏவலும் பண்டங்களின் பெயருமே அவர்தம் முதற்பாடம். பாரிஸ் நகரின் லா சப்பெல் பகுதியிலே தமிழ்க்கடைகள் பெருகியபின், பிரெஞ்சு அறியாமலே அன்றாட வாழ்வை நடத்துதல் ஓரளவு கூடுவதாயிற்று.

பின்னர் வந்து சேர்ந்த வாழ்க்கைத் துணைவியரின் நிலை வேறு. வைத்தியசாலை, பிள்ளைகளின் பாடசாலை, வதிவிட அலுவலகம் ஆகிய இடங்களிற் கணவனின் அரைகுறை மொழி போதுமானதன்று. கணவனோ பிள்ளையோ மொழிபெயர்த்தாலன்றித் தன் நோயையும் கூறவியலாத பெண்ணுக்கு மொழியறிவு தன்னுரிமையின் வாயிலாகும்.

வளர்ந்தோர்க்கு அம்மொழி எளிதன்று. தமிழிற் பால்பாகுபாடு பொருளையும் திணையையும் பற்றியது. பிரெஞ்சிலோ மேசை பெண்பால், நூல் ஆண்பால். சொல்லோடு பாலையும் மனனஞ் செய்தல் வேண்டும். எழுதப்படும் ஈற்றெழுத்துகள் பல ஒலிக்கப்படுவதில்லை. எனினும் ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் வேறுபாடு அம்மொழியிலும் உண்டாதலின், மரியாதை வழக்கைத் தமிழர் விரைந்து உணர்வர்.

இத்தேவையை அரசு காலப்போக்கிற் சட்டமாக்கியது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் புதிதாகக் குடியேறுவோர் வரவேற்பு ஒப்பந்தத்திற் கைச்சாத்திடுவதைக் கட்டாயமாக்கிற்று. மொழிப்பயிற்சி அதன் ஒரு கூறு. 2016இல் அது குடியரசு ஒருங்கிணைப்பு ஒப்பந்தமாயிற்று. 2024ஆம் ஆண்டுச் சட்டம் நீண்டகால வதிவிடத்திற்கும் குடியுரிமைக்கும் வேண்டிய மொழித்தகைமையை மேலும் உயர்த்தியது. வகுப்பறையில் இலவசமாகக் கிடைத்த கல்வியே வதிவுரிமையை அளக்கும் கோலுமாயிற்று. போரினாற் பாடசாலை இழந்தோர்க்கும் பட்டதாரிக்கும் அக்கோல் ஒன்றே என்பது சிந்தித்தற்குரியது.

2015இற் கான் திரைப்பட விழாவில் உயர்விருது பெற்ற ‘தீபன்’ படத்தில், உறவற்ற மூவர் ஒரு குடும்பமாக நடித்துப் பிரான்சு சேர்கின்றனர். அவர்கள் புதிய மொழியையும் ஒருவரையொருவரையும் ஒருங்கே கற்கவேண்டியவராகின்றனர். உண்மைக் குடும்பங்களின் வரலாறும் இதற்குப் பெரிதும் அயலானதன்று. பல்லாண்டு பிரிந்திருந்து இணைந்த கணவனும் மனைவியும் அந்நிய மண்ணில் மீண்டும் மாணவராகின்றனர். கோட்டையைக் கைப்பற்றியோர் விட்டுச்செல்லாத மொழியை, ஊரை இழந்தோர் முதிர்ந்த வயதிற் சொல் சொல்லாகத் தேடிப் பெற்றனர். புலப்பெயர்வு வரலாற்றை எழுதுவோர் இவ்வுழைப்பையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.