சிறுநீரில் கசியும் நொதி: கிரியாட்டினின் உயரும் முன்பே சிறுநீரக பாதிப்பைக் காட்டும் 'என்ஏஜி'

சிறுநீரக பாதிப்பை அறிய மருத்துவர்கள் வழக்கமாகப் பார்ப்பது ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் அளவை. ஆனால், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஏறத்தாழ பாதியாகக் குறையும் வரை அந்த அளவு இயல்பு வரம்புக்குள்ளேயே இருக்கக்கூடும். திடீர் பாதிப்பிலும் அது உயர ஓரிரு நாள்கள் ஆகலாம். மருந்தை நிறுத்தி சிறுநீரகத்தைக் காப்பாற்றக்கூடிய நேரம் பெரும்பாலும் அந்த ஓரிரு நாள்கள்தான்.

இந்தத் தாமதத்தைக் குறைக்க நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருவது 'என்-அசிட்டைல்-பீட்டா-டி-குளுக்கோசமினிடேஸ்' (என்ஏஜி) என்ற நொதி. சிறுநீரக நுண்குழாய்களின் தொடக்கப் பகுதியில் உள்ள செல்களில், லைசோசோம் எனப்படும் நுண்பைகளில் இது நிறைந்துள்ளது. இதன் மூலக்கூறு எடை ரத்தப் புரதமான அல்புமினைப்போல சுமார் இரு மடங்கு என்பதால், ரத்தத்தில் உள்ள என்ஏஜி, சிறுநீரகத்தின் வடிகட்டியைக் கடந்து வருவது அரிது. சிறுநீரில் அது அதிகரித்தால், நுண்குழாய் செல்களே அதைக் கசியவிடுகின்றன என்று கொள்ளலாம்.

ரத்தத்தில் அதே நொதி உயர்ந்தால் இப்படிக் கூற முடியாது. கல்லீரல் உள்ளிட்ட பிற உறுப்புகளிலும் அது உள்ளது. 'ஜிஜிடி' நொதி இதற்குத் தெளிவான உதாரணம். ரத்தத்தில் அது கல்லீரல், பித்தநாளக் கோளாறுகளைக் காட்டும்; சிறுநீரில் நுண்குழாய் செல்களின் சேதத்தைக் காட்டும்.

ஜென்டாமைசின், புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின், காட்மியம் உலோகம் ஆகியவை குறிப்பாகத் தாக்குவது இந்தச் செல்களையே. புதிய மருந்துகளை ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் முதல்கட்டமாகப் பரிசோதிக்கும்போது பயன்படுத்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-இல் ஏற்ற 6 சிறுநீர்க் குறியீடுகளில் என்ஏஜி-யும் ஒன்று.

ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டம், உத்தானம் பகுதியில் காரணம் உறுதியாகாத நாள்பட்ட சிறுநீரக நோய் பரவலாக உள்ளது. அந்நோயில் நுண்குழாய்ப் பகுதியே பிரதானமாகப் பாதிக்கப்படுகிறது. சிறுநீரில் புரதம் அதிகம் வெளியேறுவதில்லை. புரதத்தை மட்டும் பார்க்கும் எளிய சோதனையில் நோய் தப்பிவிடக்கூடும் என்பதால், இத்தகைய நோயில் நுண்குழாய்க் குறியீடுகள் முக்கியத்துவம் பெறுகின்றன.

எனினும், என்ஏஜி பாதிப்பைக் காட்டுமே தவிர காரணத்தைக் காட்டாது. சர்க்கரை நோயிலும் அது உயரும். காரத்தன்மை மிகுந்த சிறுநீரில் நொதியின் செயல்பாடு குறைந்து, முடிவு தவறலாம். சிறுநீரின் அடர்த்தி மாறுபடுவதால், சிறுநீர் கிரியாட்டினினுடன் ஒப்பிட்ட விகிதமாகவே அளவு தரப்படுகிறது. திடீர் சிறுநீரக பாதிப்புக்கான 2012-ஆம் ஆண்டின் சர்வதேச வரையறையோ, ரத்த கிரியாட்டினின், சிறுநீரின் அளவு ஆகிய இரண்டை மட்டுமே அடிப்படையாகக் கொண்டுள்ளது.